விளைந்த இடம்

முந்திரிப் பருப்பை மிளகாய்த்தூள் போட்டு வறுத்துத் தின்பவர்களுக்கு முந்திரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேற்று உங்கள் மேசையில் ஒரு தட்டு நிறைய அப்படித்தான் இருந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்கும் நீட்டினீர்கள். மரியாதைக்கு இரண்டு எடுத்துக்கொண்டேன். அது எங்கள் பக்கத்துப் பருப்பு இல்லை, கடல் தாண்டி வந்தது. வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது. சொன்னால் சங்கடப்படுவீர்கள் என்று பேசாமல் இருந்தேன்.

நான் சொன்னதை உங்கள் ரைட்டர் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினார். முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் கிடந்தது. இந்த லட்சணத்தில் ஒரு காகிதம் என் பெயரில் கோர்ட்டுக்குப் போவதை நான் விரும்பவில்லை. அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். முப்பது வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவன் நான். எழுதும்போது தவறு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பேன். வெள்ளை மை பூசி மறைக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

பெயர் குருநாதன். வயது ஐம்பத்தேழு. பெரம்பலூரில் இருக்கும் இரு மாவட்ட ஏற்றுமதியாளர் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாகச் செயலாளர். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்று ஒருவர் எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அங்கே துறைமுகத்தில் சரக்கை இறக்க விட மாட்டார்கள். வியாபாரிகள் ஒரிஜின் சர்ட்டிபிகேட் என்பார்கள். நான் பிறப்பிடச் சான்று என்பேன். முன்பெல்லாம் அதற்காக இந்த ஊர்க்காரர்கள் திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பிடப் போன குமாஸ்தா திரும்பி வரும்வரை காத்துக் கிடப்பார்கள். நானும் கிடந்திருக்கிறேன். ‘பெரம்பலூரா, அங்க என்ன இருக்கு ஏத்துமதி பண்ண?’ என்று அந்தக் குமாஸ்தா பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான். எட்டு வருடம் டெல்லிக்கு எழுதி எழுதி அந்த முத்திரையை இந்த ஊருக்குக் கொண்டு வந்தேன். இது என் ஒருவனின் வேலை. சங்கத்தில் இருக்கும் மற்றவர்கள் அன்று ரிப்பன் வெட்டுகிற போட்டோவில் நின்றார்கள்.

முத்திரை வைத்துக்கொள்ள எங்களுக்கு அங்கீகாரம் தருவது டெல்லியில் ஓர் அமைப்பு. சான்று தருகிறவர்களுக்குச் சான்று தருகிறவர்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேரைத் தணிக்கைக்கு அனுப்புவார்கள். போன முறை வந்தவர்கள் தீயணைப்பு உருளையில் தேதி பார்த்தார்கள். முத்திரை இருக்கும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி உண்டா என்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் என் அறைச் சுவரில் மாட்டியிருந்த முந்திரிப் பழத்தின் படத்தைப் பார்த்து, கொட்டை ஏன் பழத்துக்கு வெளியே தொங்குகிறது, படம் தப்பா என்று கேட்டார். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டால்தான் என் கையெழுத்துக்கு மதிப்பு.

அவர்களுடைய விதிப்படி வருடத்துக்கு இத்தனை சான்று என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குக் குறைந்தால் அங்கீகாரம் போய்விடும், முத்திரை மறுபடி திருச்சிக்கே போய்விடும். எங்கள் சான்றுகளில் பாதிக்கு மேல் மணிவண்ணன் ஒருவருடையது. ஜெயங்கொண்டம் சாலையில் அவருக்கு முந்திரி உடைக்கும் ஆலையும் கிடங்கும் இருக்கின்றன. வாயைத் திறந்தால் தன் பரம்பரைத் தோப்பைப் பற்றித்தான் பேசுவார். அந்தத் தோப்பை அழித்துக் கல்யாண மண்டபம் கட்டி ஆறு வருடமாகிறது. அவர் ஆலையில் உடைபடும் கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக வருகிறது. ஓட்டை உடைத்துத் தோலையும் உரித்துவிட்டால் அப்புறம் பருப்புக்கு ஏது நாடு? விளைந்த இடம் அரியலூர் மாவட்டம் என்று நான் எழுதினேன். மூன்று வருடம் எழுதினேன். பெட்டி மேல் ஊர்ப் பெயர் இருந்தால் ருசி கூடுகிறது என்று நம்பி வாங்குகிறவன் ஏமாறுவதற்கென்றே கிளம்பி வருகிறவன். அவன் குறுக்கே நான் எதற்கு நிற்க வேண்டும்?

அமைப்பு புதிதாக இன்னொரு விதி போட்டது. வேளாண்மை படித்த ஒருவரைக் கள ஆய்வாளராக வைக்க வேண்டும், அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் இந்த வருடம் தை மாதம் புவனேஸ்வரி வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, குரும்பலூர்ப் பெண். அவள் அப்பா செல்லக்கண்ணு குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர். அதற்கு முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் கூலி வேலை. குரும்பலூரில் அவர்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. என் அறையிலேயே ஜன்னலோரம் அவளுக்கு நாற்காலி போட்டேன். அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளரும் வாங்கி வைத்தேன், சுத்தத்துக்காக.

கையெழுத்துப் போடுவதோடு நிற்பாள் என்று நினைத்தேன். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செந்துறையிலிருந்து ஆண்டிமடம் வரைக்கும் தோப்புத் தோப்பாகப் போய் மரத்தை எண்ணினாள். ஒவ்வொரு தோப்பிலும் ஏழு கொட்டை எடுத்து, உள்ளங்கையளவு துணிப்பையில் போட்டு, நூலால் கட்டி, ஓர் அட்டையில் இடம், தேதி, நேரம் எழுதிக் கோர்ப்பாள். ஏழு எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஆறு போதும் சார். ஒண்ணு சுட்டுத் திங்கறதுக்கு” என்றாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு பட்டியலை என் மேசையில் வைத்தாள். மணிவண்ணனுக்குக் கொட்டை கொடுப்பதாகக் காகிதத்தில் இருக்கும் விவசாயிகள் நாற்பத்தோரு பேர். அதில் பதிமூன்று பேர் உயிரோடு இல்லை. பத்தொன்பது பேர் முந்திரியை வெட்டிவிட்டுத் தைலமரம் போட்டு வருடக்கணக்காகிறது. மிச்சமிருக்கும் ஒன்பது பேரின் தோப்பில் விளைவது ஒரு லாரிக்குக்கூடக் காணாது. மரமே இல்லாமல் கொட்டை எங்கிருந்து சார் வரும் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பிள்ளை மாதிரிதான் கேட்டாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மணிவண்ணன் போனால் முத்திரை போகும், முத்திரை போனால் உன் வேலையும் போகும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். தணிக்கைக்கு வருகிறவர்களிடம் இந்தப் பட்டியலைக் கொடுக்கத்தான் போவதாகவும், ஒருவேளை தன் கணக்கு தப்பாக இருக்கலாம் என்பதால் கிடங்கில் இருக்கும் சாக்கை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். சாக்கைப் பார்த்து, தப்பு தன் பேரில் என்றால் அதையும் எழுதித் தருவாளாம். நேர்மை என்பது பெரும்பாலும் வேறு சாமர்த்தியம் இல்லாதவர்கள் வைத்துக்கொள்கிற பொருள். அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

தணிக்கை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளை என் காரிலேயே கிடங்குக்கு அழைத்துப் போனேன். ஆடி மூன்றாம் வெள்ளி. அரியலூர் தாண்டியதும் வழி நெடுக மைக் செட், மஞ்சள் புடவை, கூழ் வாங்கத் தூக்குவாளியோடு ஜனங்கள். வாசலுக்கு வாசல் வேப்பங்கொத்து கட்டியிருந்தார்கள். டீக்கடையில், வெல்டிங் பட்டறையில், சிமெண்ட் லாரியின் முகப்பில்கூடக் கட்டியிருந்தது. கிடங்குக் கதவிலும் ஒரு கொத்து தொங்கியது. காவலாளி மதுரைவீரன், அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தார். புழுதி எனக்கு ஆகாது, உடனே இருமல் வந்துவிடும், அதனால் நான் காரிலேயே இருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கொண்டியை நீக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்போது பதினொன்றே முக்கால்.

அந்தக் கொத்தைப் பற்றி நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், விளக்கமாகவே எழுதுகிறேன். கப்பலேறும் சரக்கில் புழு வராமல் இருக்க மூட்டைகளைத் தார்பாலினால் மூடி, உள்ளே மாத்திரை வைப்பார்கள். குரும்பலூர் பக்கம் மக்காச்சோளத்துக்கு வைப்பதும் அதே மாத்திரைதான். அதிலிருந்து வருகிற புகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆளைக் கொல்லும். மூன்று நாள் கதவைத் திறக்கக் கூடாது. கதவில் மாட்டச் சொல்லி ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள், முழுக்க இங்கிலீஷும் இந்தியும். ஒரு தடவை மூட்டை தூக்குகிற ஆள் அதைப் படிக்கத் தெரியாமல் உள்ளே போய் மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து மதுரைவீரன் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்பங்கொத்து கட்டுவார். அம்மை கண்ட வீட்டு வாசலில் கொத்து இருந்தால் யாரும் நுழைய மாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. பதினோரு மாதம் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆடியில் எல்லாக் கதவிலும் கொத்து இருக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. மதுரைவீரனைக் கைது செய்யாதீர்கள். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

சாக்கைப் பார்க்கத் தார்பாலினைத் தூக்க வேண்டும். அவள் தூக்கியிருக்கிறாள். இருபது நிமிடம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. வாசலிலேயே வாந்தி எடுத்தாள். பின்சீட்டில் படுக்க வைத்தேன். காரில் தண்ணீர் இருந்தது, கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அரியலூருக்குள் நுழையும்போது பன்னிரண்டரை. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடத்தில் பெரிய பலகை இருக்கிறது. படுத்தபடியே பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

“சார், இங்கியே நிறுத்துங்க சார். முடியல.”

பெரம்பலூரில் எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், நன்றாகப் பார்ப்பார் என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைப்பீர்கள். காகிதத்தைப் பற்றி யோசித்துப் பாருங்கள், அப்போது புரியும். அரியலூரில் இறக்கினால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஜெயங்கொண்டம் சாலைக் கிடங்கு என்று எழுதுவார்கள். எந்தக் கிடங்கு, என்ன சரக்கு, இவள் அங்கே எதற்குப் போனாள் என்று நூல் பிடித்துக்கொண்டே திங்கட்கிழமைத் தணிக்கை வரை வந்துவிடுவார்கள். பெரம்பலூரில் இறக்கினால் குரும்பலூர் என்று எழுதலாம். சரக்கை நேரே அனுப்பாமல் நடுவில் ஒரு துறைமுகத்தில் இறக்கி ஏற்றினால் காகிதத்தில் அந்தத் துறைமுகத்தின் பெயர் ஏறிக்கொள்ளும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் வீட்டில் மக்காச்சோளத்துக்கு வைக்கிற மாத்திரை இருக்கிறது. உடம்புக்குள் போனபின் இது கிடங்கில் வைத்ததா வீட்டில் வைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உரித்த பருப்பு மாதிரிதான்.

ஒரே ஒரு சிக்கல். பேசுகிற நிலையில் இறக்கினால் இடத்தை அவளே சொல்லிவிடுவாள். அதனால் பெரம்பலூருக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்தினேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏசியை அணைக்கவில்லை, அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பாவுக்குப் போன் போடச் சொன்னாள். டவர் இல்லை என்றேன். அப்புறம், வெளிநாட்டு அச்சு தெரியாமல் இருக்க, சாக்கெல்லாம் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பித் தைத்திருக்கிறார்கள் என்றும், தன் கணக்கு சரிதான் என்றும் சொன்னாள். அந்த நிலையிலும் அதைத்தான் சொன்னாள். இருபத்தைந்து நிமிடத்தில் பேச்சு நின்றது. அவள் கைப்பையில் இருந்த நோட்டையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஆஸ்பத்திரியில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். குரும்பலூர் என்றேன். வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தாள், ஏதோ மனக்கஷ்டம், என்னிடம் சொன்னதும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன் என்றேன். மூன்று மணிக்கு இறந்துபோனாள்.

செல்லக்கண்ணு நான்கு மணிக்கு வந்தார். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ளைய உங்க கார்லயே தூக்கிட்டு வந்தீங்களாமே சார். யாரு செய்வா இந்தக் காலத்துல” என்று அழுதார்.

அவருக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மகள் அன்று காலை சிரித்துக்கொண்டேதான் போனாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று உங்கள் ஸ்டேஷனில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் போன் அன்று எங்கெல்லாம் இருந்தது என்று உங்கள் ஆட்கள் ஒரு வரி கேட்டு வாங்கியிருந்தால் சாயங்காலமே நான் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. அந்தத் தெருப் பெண், கல்யாணமாகாதவள், மாத்திரை. அவர்களுக்கு அது போதும். போதுமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆட்களைப் பற்றி நான் போட்ட கணக்கில் ஒன்றும் தப்பவில்லை.

திங்கட்கிழமை தணிக்கை நடந்தது. கள ஆய்வாளர் பணியிடம் காலி என்று எழுதி, காரணத்தையும் எழுதியிருந்தேன். வந்த இருவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். பிறகு தீயணைப்பு உருளையைப் பார்த்தார்கள். அங்கீகாரம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவள் அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப் பொட்டலத்தைத் துவைக்கலாம் என்று பிரித்திருக்கிறார். சுடிதார்ப் பையில் சின்னத் துணிப்பை ஒன்று இருந்தது. செல்லக்கண்ணு அதை உங்களிடம் கொண்டு வந்தார். மகள் கையெழுத்து அவருக்குத் தெரியும். நேற்று நீங்கள் அதை என் முன்னால் வைத்தீர்கள். இடம், மணிவண்ணன் கிடங்கு, ஜெயங்கொண்டம் சாலை. தேதி. நேரம், பதினொன்று ஐம்பத்திரண்டு. அவ்வளவு சுத்தமான கையெழுத்து எங்கள் ஆபீசில் வேறு யாருக்கும் கிடையாது. நீங்கள் போன் பேச எழுந்து போனபோது பையைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். ஏழும் இருந்தன.

எழுதி முடித்து ஒரு முறை படித்தேன். இரண்டு திருத்தம் இருக்கிறது. காவலாளி கோயிலுக்குப் போயிருந்தார் என்று எழுதியிருக்கிறேன். அனுப்பியது நான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வருவது தெரிந்து அன்று காலை எட்டு மணிக்கு அவர் போன் செய்து, “மாத்திரை போட்டுருக்குங்க சார், ஞாயித்துக்கிழம வரைக்கும் தொறக்கக் கூடாது. கொத்து கட்டிட்டேன்” என்றார். சரி, நீ போய்க் கூழை ஊற்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்சம் தலை சுற்றும், பயந்துகொண்டு வெளியே வந்துவிடுவாள், ஒரு வாரம் லீவு போடுவாள், அதற்குள் தணிக்கை முடிந்துவிடும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

இன்னொன்று, அவள் எதுவும் கேட்கவில்லை என்ற வரி. அதை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன், ஓரத்தில் சுருக்கொப்பம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டியில் கை வைத்தவள் நின்று, காரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சார், கதவுல கொத்து கட்டிருக்கே. உள்ள போலாமா?”

“ஆடி மாசம்மா” என்றேன்.

“அட, ஆமால்ல” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று ஆடி மூன்றாம் வெள்ளி. உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.